ஆழ்வாப்பிள்ளையரின் கிணறும் சம்பந்தியின் கானும்

மருதனார்மடம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்த ஆழ்வாப்பிள்ளையருக்குக் கடவுள் அள்ளிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், மூக்கு. பார்வைக்கு அப்படியொன்றும் பெரிய மூக்கில்லை. ஆனால் வேலை செய்கிற மூக்கு. கிராமசபையில் தண்ணீர்ப் பகுதிக்கு ஓவசியராக இருந்த காலத்தில், ஒரு வீட்டு வளவுக்குள் நுழைந்து சைக்கிளை மதிலோடு சாத்தும்போதே, கிணற்றுக்குள் எலி விழுந்து செத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாராம். எட்டிப் பார்த்தால் கிடக்குமாம். அப்படிப்பட்ட மூக்கோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? மனைவி மீனாம்பிகை கறியை அடிப்பிடிக்க விட்டால், மனுசன் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார். பென்சன் எடுத்து வீட்டோடு இருந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஊருக்கு வேண்டாமல் போன மூக்கை அவள் ஒருத்தியே வைத்துச் சமாளித்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பவும் மூண்டது. கூடவே யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையும் வந்து குந்திக்கொண்டது. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணெண்ணெய் இல்லை. கரண்டு போனது போனதுதான். சனம் ஜாம் போத்திலுக்குள் பஞ்சை வைத்து, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விளக்குக் கொளுத்தப் பழகியது. பெற்றோலில் ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ஒரு போத்தில் மண்ணெண்ணெயோடு றோட்டால் போகிறவனை, நகைப்பெட்டியோடு போகிறவனைப் பார்ப்பதுபோல்தான் அந்த நாளில் சனம் பார்த்தது.

இந்தத் தடை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே மணந்து பிடித்த மூக்கு ஊரில் இன்னொன்றும் இருந்தது. அது பெற்றோல் செட் முதலாளி தியாகலிங்கத்தின் மூக்கு. சந்தியில் பெற்றோல் அடித்த அந்தச் செட் பழைய சண்டையில் சேதப்பட்டுப் பூட்டிக் கிடந்தது. மனுசன் ஓசைப்படாமல், நிலத்துக்குக் கீழே இருந்த பழைய தாங்கியை மண்ணெண்ணெயால் நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே மண்ணைப் பரவி, அதற்கு மேல் ஒரு வாழைக்குட்டியும் நட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். விலை ஏறட்டும், வந்து எடுப்போம் என்ற எண்ணம். விலை ஏறியது. பாதைதான் பூட்டுப்பட்டுப் போயிற்று. முதலாளி கொழும்பில் இருந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, துருப்பிடித்த தாங்கி இங்கே அடியால் ஒழுகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பார்க்கும் இடமெல்லாம் ஓட்டையும் பொந்தும். மேலே, வேலியை ஓர் அங்குலம் தள்ளிப் போட்டதற்குத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற ஊர் இது. கீழே வேலியே இல்லை என்பது அப்போதுதான் சனத்துக்குத் தெரியவந்தது.

முதலில் மணந்தவர் ஆழ்வாப்பிள்ளையர்தான். தை மாதத்தில் ஒருநாள் காலையில் முகம் கழுவ வாளியைத் தூக்கியவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். அவருடைய கிணறுதான் செட்டுக்கு ஆகக் கிட்டடியில் இருந்தது. ஒழுங்கையில் சொன்னார். மனுசனுக்கு வயது போகப் போக மூக்குப் பிசகிவிட்டது என்றார்கள். கிழமைகள் சில போயின. பென்சன் எடுத்த தலைமையாசிரியர் முத்துக்குமாரு மாஸ்டரின் தேத்தண்ணீரில் மண்ணெண்ணெய் மணத்தது. பெரிய மனுசனின் தேத்தண்ணீர் மணத்தால் பிறகென்ன, அன்று பின்னேரமே வாசிகசாலையில் கூட்டம். கிணற்று நீர்ப் பாதுகாப்புச் சபை என்று ஒன்று உருவாயிற்று. தலைவர் மாஸ்டர். உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், போஷகர் என்று பதவிகளைப் பிரித்துக் கொடுத்து முடிக்கையில் இருட்டிவிட்டது. தண்ணீரைப் பற்றிக் கதைக்க நேரம் கிடைக்காததால் அந்த வேலையை ஆழ்வாப்பிள்ளையரின் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்கு அது பாரமாகவே தெரியவில்லை. தன் மூக்குக்குத் திரும்பவும் உத்தியோகம் கிடைத்ததில் அன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டார்.

அந்த மூக்கு செட் வளவு வாழைக்குட்டியடியில் போய் நிற்க, தாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே கொஞ்சம் கறுத்த சேறுதான் மிச்சம். எண்ணெயெல்லாம் கல்லுக்குள் போய் இருந்துகொண்டது. இனி அதை வெளியே எடுக்க ஒரே வழி, கிணறுகளை விடாமல் இறைப்பது. இறைத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டால் திரும்பக் கிணற்றுக்கே வந்துவிடும் என்று சொல்லி, வாய்க்கால் வெட்டி றோட்டு மதகுக்குக் கொண்டுபோய் விட்டார் ஆழ்வாப்பிள்ளையர். இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் இருந்தால் சனம் ஏன் அதைத் தண்ணீர் இறைக்கக் கொடுக்கிறது? ஏற்றத் துலாவில் ஆள் ஏறி மிதித்துத்தான் இறைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஓவசியர் சைக்கிளில் புறப்படுவார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு போத்தில் தண்ணீர் அள்ளி, ஆடாமல் வைத்து, மேலே எண்ணெய் படர்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மணந்து, கடைசியாக நாக்கிலும் ஒரு சொட்டு விடுவார். நல்லதென்றால் கிணற்றுக்கட்டில் ஒரு சுண்ணாம்புக்கோடு. கூடாதென்றால் கரிக்கோடு. மாஸ்டரின் கிணற்றுக்கும் கரிக்கோடுதான், தன் கிணற்றுக்கும் கரிக்கோடுதான். அதில் மனுசன் ஒருவருக்கும் முகம் பார்க்கவில்லை.

அங்கேதான் வந்தது வில்லங்கம். ஆழ்வாப்பிள்ளையருக்கு ஒரே மகள், அருந்ததி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வயது முப்பதைத் தொடுகிறது. சாதகத்தில் செவ்வாய் குந்திக்கொண்டிருந்து, வந்த சம்பந்தங்களையெல்லாம் வாசல் படலையோடு திருப்பி அனுப்பியது. சீதனமாகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது இந்த வீடும் வளவும் கிணறும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மீனாம்பிகை பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், பருப்புப் போட்டால் பூவாய் அவியும் என்று. கரிக்கோடு போட்ட கிணற்றைச் சீதனமாய்க் கொடுக்கிற வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? கிணறு எப்போது சுகமாகும், மகளுக்கு எப்போது விடியும் என்று கணவனும் மனைவியும் ஒரே கவலையாய்ப் படுத்து ஒரே கவலையாய் எழும்பினார்கள்.

பங்குனியில் தரகர் பொன்னம்பலம் அரியாலையில் இருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர், சாதுவான பிள்ளையாம். தகப்பன் இராசநாயகம் அரிசி மில் வைத்திருந்தவர். தடை வந்த நாளிலிருந்து மில் எஞ்சின் எண்ணெயில்லாமல் சிறையில் இருந்தது. பெண் பார்க்க வருகிற அன்று காலையில் ஆழ்வாப்பிள்ளையர் கிணற்றடிக்குப் போனால், கரிக்கோட்டைக் காணவில்லை. மீனாம்பிகை தேங்காய்த் தும்பால் உரஞ்சிக் கழுவிவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே ஒரு சுண்ணாம்புக்கோடு இழுத்திருந்தாள். மனுசன் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் திறந்த வாயை மூடிக்கொண்டார். ஓவசியர் வேலை பார்த்த முப்பது வருசத்திலும் செய்யாத ஒன்றாக, பொய்க்கோடு ஒன்றை அன்றைக்கு அவர் அப்படியே விட்டுவிட்டார்.

வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள். அருந்ததி வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். இராசநாயகம் தேத்தண்ணீரைத் தொடவில்லை. அரியாலையில் தங்கள் தண்ணீர் உப்புச் சவர் என்றும், இந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகவும், ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் தந்தால் போதும் என்றும் சொன்னார். முன்வீட்டில் இருந்து இரவல் வாங்கி வைத்த தண்ணீரை எடுக்க மீனாம்பிகை ஓடினாள். அதற்குள் இராசநாயகம் தானே எழும்பிக் கிணற்றடிக்குப் போய், வாளியைப் போட்டு அள்ளி, கையில் ஏந்தி வாயில் வைத்துவிட்டார். மீனாம்பிகை கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். ஆழ்வாப்பிள்ளையர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். இராசநாயகம் வாயில் எடுத்ததைத் துப்பினார். கையை மணந்தார். திரும்பவும் மணந்தார். பிறகு, கோயிலில் விபூதி வாங்குகிறவர் போலக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, உதிலை கிழமைக்கு எவ்வளவு வரும்?"

ஆழ்வாப்பிள்ளையருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெயைத்தான் கேட்கிறார் என்று விளங்கியபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இராசநாயகம் அதற்குள் இடுப்பில் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் மேல் படரவிட்டுத் தூக்கி, ஒரு தகரக் கானுக்குள் பிழிந்தால் எண்ணெய் தனியாக மேலே நிற்கும் என்று வழிமுறை சொல்லிக்கொண்டிருந்தார். மில் எஞ்சின் அவருடைய கண்ணுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. ஆவணியில் நாள் வைப்போம் என்றார். வேறொன்றும் வேண்டாம், இந்த வீடும் கிணறும் போதும் என்றார். ஒரேயொரு சொல் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"இறைக்கிற வேலையை இண்டையோடை நிப்பாட்டுங்கோ. மருமகளின்ரை சொத்தெல்லோ உது."

பொழுது சாயமுன்னே இந்தச் சங்கதி ஊருக்குள் பரவிவிட்டது. அடுத்த நாள் ஒழுங்கை முழுக்கக் கிணறுகளுக்குள் சாரம் தொங்கியது. கரிக்கோடு போட்ட கிணற்றுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். சுண்ணாம்புக்கோடு போட்ட கிணற்றுக்காரர் சிலர் ஓவசியரிடம் வந்து, திரும்ப ஒருக்கால் வடிவாக மணந்து பார்க்கும்படி கெஞ்சினார்கள். முத்துக்குமாரு மாஸ்டர் அவசரக் கூட்டம் வைத்தார். சபையின் பெயர் கிணற்று வளப் பாதுகாப்புச் சபை என்று மாற்றப்பட்டது. இறைப்பு வேலையை நாட்டு நிலைமை சீராகும் வரை ஒத்திவைக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒவ்வொருவரும் வீட்டுக்கு எண்ணெயைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு பக்கத்து ஒழுங்கைக்குப் போனார்கள். போக இயலாத வீடுகளில் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது, உடம்பில் புண் போட்டது. சபை அதைக் கவலையோடு குறித்துக்கொண்டது.

ஆழ்வாப்பிள்ளையரின் மூக்கு இதற்குச் சம்மதிக்கவில்லை. தன் கிணற்றை மகளுக்காகத் தொடாமல் விட்டார். ஆனால் பிள்ளைகளுக்குப் புண் போட்ட வீடுகளின் கிணறுகளை, அந்த வீட்டு ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்த் துலா மிதிக்க வைத்து, விடியவிடிய இறைத்தார். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சிலர் நேரேயே ஏசினார்கள். மனுசன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்திரை, வைகாசியில் கரிக்கோடுகள் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்புக்கோடுகளாக மாறின. அந்த வீட்டுப் பெண்கள் அவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்போதுதான் ஒருநாள் தன் கிணற்றில் அள்ளிய போத்திலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்குத் திக்கென்றது. எண்ணெய்ப் படலம் பப்படம் மாதிரி மெலிந்துபோயிருந்தது. கீழேதான் வேலி இல்லையே. அயல் கிணறுகளை இறைக்க இறைக்க இவருடைய கிணற்று எண்ணெயும் அந்தப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. கிணறு சுகமாகி வருகிறது என்று உலகத்திலேயே முதன்முதலாகத் துக்கப்பட்ட ஓவசியர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இராசநாயகம் சனிக்கிழமை தோறும் அரியாலையில் இருந்து கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். சாரத்தை இறக்குவார், பிழிவார், கானைத் தூக்கிப் பாரம் பார்ப்பார். ஆனியில் அவருடைய முகம் தொங்கத் தொடங்கியது. முந்தி மாதிரி இல்லையே என்றார். அடுத்த கிழமை, சாதகத்தை இன்னொரு சாத்திரியிடம் காட்டினால் நல்லதென்று வீட்டில் கதைக்கிறார்கள் என்றார். மீனாம்பிகை அடுப்படியில் இருந்து அழுதாள். மகள் அழவில்லை, ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள் என்று தகப்பனுக்குப் பட்டது. அவள் எதற்காகக் குறைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

குருநகரில் இருந்து பிலிப்பு என்பவர் சைக்கிளில் மீன் கொண்டுவருவார். மீன்பெட்டிக்கு அடியில் வேறு சாமானும் வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆழ்வாப்பிள்ளையர் தன் வளவுத் தோட்டத்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொடுத்து, மண்ணெண்ணெய் வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? சனிக்கிழமை விடியக்காலையில், இராசநாயகம் வரமுன், தன் கிணற்றுக்குள் ஊற்றினார். ஆம், நீங்கள் கேட்டது சரிதான். ஊர்க் கிணற்றையெல்லாம் எண்ணெய் இல்லாமல் ஆக்கிய மனுசன், ஒரு விளக்கு எரிய எண்ணெய் இல்லாத நாட்டில், விலை கொடுத்து வாங்கி நல்ல தண்ணீருக்குள் ஊற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினார்.

இராசநாயகத்துக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. எண்ணெய் இப்போது தெளிந்து வருகிறது என்றார். சாத்திரியைப் பற்றிய கதை நின்றது. அடுத்த சனிக்கிழமை கான் இரண்டாயிற்று. கான் கூடக் கூட வெங்காயப் பாத்திகள் வெறுமையாகின. ஆழ்வாப்பிள்ளையரின் வெங்காயம் பிலிப்பின் சைக்கிளில் போய், எண்ணெயாகத் திரும்பி வந்து, கிணற்றுக்குள் இறங்கி, சாரத்தில் ஏறி, அரியாலை மில்லில் போய் எரிந்தது. ஊர் வாயைப் பிளந்தது. எல்லாக் கிணற்றிலும் எண்ணெய் வற்ற, ஓவசியரின் கிணறு மட்டும் சுரக்கிறதே என்று மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார்.

ஆடி முடிகிற நேரம். ஒரு சனிக்கிழமை காலையில் அருந்ததி முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தாள். வாளியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். தகப்பனின் மூக்கு மகளிடமும் இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

"அப்பா, கிணத்திலை மீன் மணக்குது."

ஆழ்வாப்பிள்ளையர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். அவள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வைக்கோல் கொட்டிலுக்குப் போய், அங்கே ஒளித்துக் கிடந்த வெறும் போத்தில்களைக் கொண்டுவந்து கிணற்றுக்கட்டில் வைத்தாள். ஆருக்காக இந்த வேலை என்று மட்டும் கேட்டாள். உனக்காகத்தான் பிள்ளை என்றார் அவர்.

"எனக்காகவோ? கலியாணம் கட்டினாப்பிறகு நான் இந்த வீட்டிலைதானே இருக்கப்போறன். இந்தத் தண்ணியைத்தானே குடிக்கப்போறன். ஊர்ப் பிள்ளையளுக்கு நல்ல தண்ணி குடுத்தனீங்கள். என்ரை பிள்ளையளுக்கு நான் எதைக் குடுக்கிறது?"

எத்தனையோ பேரின் ஏச்சைத் தட்டிவிட்டு நடந்த மனுசனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் குடிக்கிற தண்ணீரை அவளுக்கு இல்லாமல் செய்திருக்கிறோமே என்று நெஞ்சு பதறியது. சால்வையை இடுப்பில் கட்டினார். துலாவில் ஏற ஆள் இல்லை. தானே வாளியால் அள்ளி அள்ளி வாய்க்காலுக்குள் ஊற்றத் தொடங்கினார். அருந்ததியும் திருத்த எடுத்து வைத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைத் தள்ளி வைத்துவிட்டு வந்து மற்ற வாளியைப் பிடித்தாள்.

இராசநாயகம் இரண்டு கானோடு வந்து சேர்ந்தபோது, மேலே ஊற்றிய எண்ணெயெல்லாம் மதகுக்குப் போய்விட்டிருந்தது. ஈரத்தோடு நின்ற ஆழ்வாப்பிள்ளையர் சுற்றிவளைக்கவில்லை. கிணறு சுகமாகிவிட்டது, எண்ணெய் இனி வராது என்றார். ஆனியிலேயே வருவது நின்றுவிட்டது என்றும் சொன்னார். அப்படியென்றால் இவ்வளவு நாளும் கானில் வந்தது என்னவென்று இராசநாயகம் கேட்டார். அது நான் வாங்கி ஊற்றியது என்றார் ஆழ்வாப்பிள்ளையர்.

இராசநாயகம் கிணற்றைப் பார்த்தார். கானைப் பார்த்தார். மனுசனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியதில், சம்பந்தி மரியாதையெல்லாம் பறந்துபோயிற்று.

"அப்ப ஏன் காணும் கிணத்துக்கை ஊத்தினனீர்? நேரை என்ரை கானுக்கை ஊத்தியிருக்கலாமே. தண்ணி கலந்தெல்லோ என்ரை எஞ்சின் முக்கிக்கொண்டு நிண்டது."

ஆழ்வாப்பிள்ளையர் சிரித்துவிட்டார். தடை வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிக்கச் சிரிக்க, மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கியது. பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை அந்த வாயில் வரவில்லையே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கான்களை எடுத்துத் தானே சைக்கிளில் கட்டிக் கொடுத்து, படலையைத் திறந்துவிட்டார். இராசநாயகம் சாத்திரி, செவ்வாய் என்று எதையோ புறுபுறுத்துக்கொண்டு சைக்கிளை உழக்கிப் போனார்.

மீனாம்பிகை வாசலில் இருந்து தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். கையில் வந்த சம்பந்தத்தைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறாரே இந்த மனுசன் என்று ஏசினாள். ஏசி ஓய்ந்து, கடைசியில் மெல்லக் கேட்டாள்.

"இனி உந்தப் பிள்ளையைக் கேட்டு ஆர் வரப்போயினம்?"

ஆழ்வாப்பிள்ளையர் கிணற்றடியில் குந்தியிருந்தார். உடம்பு களைத்துப்போயிருந்தது. அருந்ததி புதிதாய் ஊறின தண்ணீரை ஒரு செம்பில் அள்ளி, மணந்து பார்த்து, அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் முழுவதையும் குடித்தாள். அவள் குடித்து முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி விடாய்ச்சவன் ஆரும் வரட்டும்," என்றார்.